ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள்

சட்டைப் பித்தானை நானே போட்டுக்கொள்ளும் நாள் வந்தால் எழுதுகிறேன் என்று எங்கள் சபைப் போதகரிடம் சொல்லியிருந்தேன். போன வாரம் ஐந்து பித்தானையும் போட்டுவிட்டேன். கால் மணி நேரம் ஆனது. ஏற்கெனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சபையில் சாட்சி சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் அன்று நான் சொன்னது பாதிதான். சொல்லாமல் விட்ட பாதி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

என் பெயர் முருகேசன். உச்சிப்புளியில் குடியிருந்து வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். பிறந்தது நயினார்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில். எங்கள் குலதெய்வம் கருப்பசாமி. அய்யாவுக்குப் பிறகு சாமி இறங்குவது என் அண்ணன் ராமையா மேல்தான். எங்கள் முதல் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்தபோது, நானும் என் மனைவி செல்வியும் யாரிடமும் பேசாமல் கிடந்தோம். அப்போது வந்து எங்களோடு சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் பக்கத்துத் தெருவில் இருந்த சின்னச் சபைக்காரர்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வருடம் கழித்து இருவரும் கடலில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தோம். அந்த ஆண்டு படையலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. அண்ணன் போனில் கூப்பிட்டு, தனக்குத் தம்பி இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். அதன்பிறகு நான்கு வருடம் பேச்சு இல்லை.

போன ஐப்பசியில் புதுமடத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டு நாளாக உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. செருப்பு சரியில்லை என்று நினைத்தேன். புதன்கிழமை காலை ஏணியில் ஏறும்போது படியில் கால் பட்டதா இல்லையா என்பது தெரியவில்லை. மேலே போய் சுவிட்ச் போர்டின் திருகாணியை முறுக்கினால் விரலுக்கு வலு இல்லை. ஒருவேளை லைன் கசிகிறதோ என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். மின்சாரமே இல்லை. அந்த வீட்டுக்காரரின் தம்பி, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தவர், என் நடையைப் பார்த்துவிட்டுத் தன் காரிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார். ஊரில் ஒரு டாக்டர் சத்து ஊசி போட்டு ஓய்வெடுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை கட்டிலை விட்டு எழுந்தவன் அப்படியே மடங்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே என் கால்கள் வேறு யாருடையவையோ போல் கிடந்தன.

ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் ரப்பர் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். யாருக்கானாலும் கால் துள்ள வேண்டும். எனக்குத் துள்ளவில்லை. இன்னொரு காலிலும் தட்டினார். பிறகு, சமீபத்தில் வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டார். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் மூன்று நாள் போனது என்றேன். அவர் முகம் மாறியது. ஆழமாக மூச்சை இழுத்து, விடாமல் ஒன்று, இரண்டு என்று முடிந்தவரைக்கும் எண்ணச் சொன்னார். முப்பத்தொன்று வரை எண்ணினேன். அந்த எண்ணைச் சீட்டில் எழுதி வட்டம் போட்டார். மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொன்னார். காலில் வந்த நோய்க்கு ஏன் மூச்சைப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த பையன் பரமக்குடியில் ஒரு தடவை எண்ணச் சொன்னான். இருபத்தாறு. மானாமதுரை தாண்டி மறுபடியும். இருபத்திரண்டு. செல்வி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடித்திருப்பது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, கைக்குத் தெரியவில்லை.

மதுரையில் நரம்பு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம். சுருக்கமாக ஜி.பி.எஸ். வயிற்றுக்கு வந்த கிருமியோடு சண்டை போட்ட உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே தாக்குகிறது. நரம்பின் மேலுறை அரித்துப் போகிறது. நீங்கள் வயர்மேன்தானே, இன்சுலேஷன் போன கம்பி மாதிரி என்றார். அது எனக்கு உடனே புரிந்தது. கீழிருந்து மேலே ஏறும், மார்புக்கு வந்தால் மூச்சுவிடும் தசையும் ஓய்ந்துவிடும், அதற்காகத்தான் எண்ணச் சொல்கிறோம் என்றார். பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தை ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அது தாக்குதலை நிறுத்தும், போன உறையை உடனே கொண்டுவராது. பெரும்பாலானவர்கள் எழுந்து நடந்துவிடுவார்கள் என்றும் சொன்னார். பெரும்பாலானவர்கள் என்ற வார்த்தையை அன்று முழுவதும் மனசுக்குள் புரட்டிக்கொண்டே கிடந்தேன்.

முதுகில் ஊசி குத்தி, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்து நரம்பு எவ்வளவு வேகமாகச் சேதி கடத்துகிறது என்று பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணியபோது பதினேழு. சனிக்கிழமை காலை பதினான்கு.

சனிக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் வந்தான். செல்வி போன் செய்திருக்கிறாள். களை எடுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே பஸ் ஏறியிருக்கிறான். கெண்டைக்காலில் சேறு காய்ந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். என் காலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்ப வந்தான்.

மதியம் எண்ணியபோது ஒன்பது வரைதான் வந்தது. டாக்டர் செல்வியை வெளியே அழைத்துப் போனார். தொண்டை வழியாகக் குழாய் விட்டு மிஷினில் மாட்ட வேண்டும், இனிமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். நர்ஸ்கள் தட்டில் எதையெதையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"ஏலே முருகேசா. நீ வேதத்துல சேந்ததுக்கு நான் சண்டை போட வரல. சாமிக்கு முன்னால ஒரே ஒரு வார்த்தை. கருப்பர்கிட்டத் திரும்பி வாரேன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவன் என்னை மிரட்டவில்லை. கெஞ்சினான். ஊரே கும்பிட்டு நிற்கும்போது அரிவாளோடு ஆடுகிற என் அண்ணன் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தைரியம் வந்தது, வசனம் ஞாபகம் வந்தது என்றெல்லாம் சபையில் சொன்னேன். அப்படி எதுவும் வரவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஒரு வசனம்கூட அப்போது வாய்க்கு வரவில்லை. சரி என்று சொல்லிவிடலாம், கர்த்தருக்கு என் மனசு தெரியும், இவனுக்கும் நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சொன்னால் அண்ணன் நம்புவான். நான் செத்தால், தம்பி கடைசியில் திரும்பி வந்துவிட்டான் என்று ஆயுசு முழுக்க நம்பிக்கொண்டிருப்பான். அந்தக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, நான் உம்முடையவன் என்று ஒருவரிடம் சொல்லியிருந்தேன். சரி என்றால் இருவரில் ஒருவரிடம் அது பொய்யாகிவிடும். இருக்கிற மூச்சு ஒன்பது எண்களுக்குத்தான் வரும்.

"வரமாட்டேண்ணே" என்றேன். மூச்சு நின்றது. இன்னொரு தடவை இழுத்தேன். "நீ போயிராத."

அண்ணன் நிமிர்ந்தான். நர்ஸ் அவனை நகரச் சொல்லித் திரைச்சீலையை இழுத்தார். மயக்க மருந்து ஏறும்போது நான் கடைசியாகப் பார்த்தது திரைக்கு அந்தப் பக்கம் போகிற அவன் முதுகை.

விழித்தபோது என்னால் அசைக்க முடிந்தது கண்ணிமைகளை மட்டும். மூச்சு என்னுடையது இல்லை. மிஷின் தள்ளும், நெஞ்சு எழும்பும். மிஷின் விடும், நெஞ்சு இறங்கும். தொண்டையில் சேரும் சளியை ஒரு மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அந்த அரை நிமிடம் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்ததுபோல் இருக்கும். மேலே எப்போதும் டியூப்லைட். பகலா, ராத்திரியா என்று தெரியாது. ஒரு தடவை மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் எத்தனை வினாடி ஆகும் என்று எனக்குத் தெரியும், என் தொழில் அது. மிஷினுக்குள் பேட்டரி இருக்கிறது என்பதும் தெரியும். தெரிந்தும் அந்தச் சில வினாடிகளில் நான் செத்துப் பிழைத்தேன்.

ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை கண்ணை மூடித் திற என்று ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். செல்வி உள்ளே வரும்போது எழுத்துகளை வரிசையாகச் சொல்வாள். முதல் நாள் அவள் 'அ' என்று ஆரம்பித்ததுமே நான் கண்ணை மூடித் திறந்தேன். அம்மாவா என்றாள். இரண்டு தடவை இமைத்தேன். கொஞ்சம் யோசித்து, "அண்ணனா?" என்றாள். ஒரு தடவை.

"இருக்காக. வாசல்லதான் துண்ட விரிச்சு உக்காந்திருக்காக."

கண்ணீரைத் துடைக்கக்கூட எனக்குக் கை இல்லை. செல்வி துடைத்தாள்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, எங்கள் ஊர்ப் பக்கத்து வேறொரு சபையின் மூப்பர் ஒருவர் பார்க்க வந்தார். நல்லெண்ணத்தோடுதான் வந்திருப்பார். உனக்குள் ஏதோ மறைந்த பாவம் இருக்கிறது, அதை அறிக்கை செய்யும்வரை சத்துருவான சாத்தான் உன்னை விடமாட்டான் என்று குனிந்து சொன்னார். வாயில் குழாயோடு கிடக்கிறவனிடம் அறிக்கை செய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு பக்கம் சாமியை விட்டதால் வந்தது என்கிறார்கள், இன்னொரு பக்கம் பாவத்தால் வந்தது என்கிறார்கள். வயிற்றுப்போக்கால் வந்தது என்று சொன்னவர் அந்த டாக்டர் மட்டும்தான். ஆனாலும் ஒன்றும் செய்யாமல் கிடக்கிறவனுக்கு இதையெல்லாம் தள்ளிவிட வலு இருக்காது. என்ன பாவம், என்ன பாவம் என்று தோண்டிக்கொண்டே கிடந்தேன்.

அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் ஏறியது. நுரையீரலில் கிருமி தொற்றிவிட்டது. இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் செல்வியிடமும் அண்ணனிடமும் சொல்லியிருக்கிறார்.

சபையில் நான் சொல்லாதது இங்கேதான் இருக்கிறது. அந்தக் காய்ச்சலில் நான் ஊர்க் கண்மாய்க் கரையில் கிடந்தேன். எதிரே கருப்பசாமியின் மண்குதிரை. சின்ன வயதில் பார்த்து நடுங்கிய அதே உருட்டு விழி. குதிரை என் நெஞ்சில் கால் வைத்து ஏறியது. நான் கத்தினேன். யாரைக் கூப்பிட்டுக் கத்தினேன் என்றால், இயேசுவை அல்ல. கருப்பா, என்னை விட்டுரு, நான் வந்துர்றேன் என்றுதான் கத்தினேன். குரல் வெளியே வரவில்லை. யாருக்கும் தெரியாது. ஆனால் நான் சொன்னேன்.

காய்ச்சல் இறங்கித் தெளிவு வந்தபோது, அந்த வார்த்தை அப்படியே ஞாபகத்தில் இருந்தது. அண்ணனுக்கு முன்னால் மறுத்தவன், யாருமில்லாத இடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் ஜெபிக்க மனசு எழவில்லை. எங்கள் போதகர் வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கொஞ்சம் கழித்துத் திறந்தபோது, அவர் சிஸ்டரிடம் கேட்டுவிட்டு என் உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார், இரண்டு காலிலும், வெகுநேரம். பிறகு போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

அன்று அவர் போனபிறகு, கர்த்தரிடம் கேட்க ஒரே ஒரு வார்த்தை மட்டும் வந்தது. இருக்கீரா. பதில் எதுவும் வரவில்லை. மிஷின் தள்ளியது, விட்டது. மறுபடியும் கேட்டேன். இருக்கீரா. நாள் முழுக்க அதையே கேட்டேன், மறுநாளும் கேட்டேன். இதை விசுவாசம் என்று சொல்வார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை.

வாய்க் குழாயை எடுத்துவிட்டு, கழுத்தில் சின்னத் துளை போட்டு அதன் வழியாக மிஷினை மாட்டினார்கள். நாக்கு விடுதலையானது, பேச்சு வரவில்லை. பதினாறாம் நாள் இடது கை ஆள்காட்டி விரல் அசைந்தது. செல்வி சிஸ்டரைக் கூப்பிட ஓடினாள். பத்தொன்பதாம் நாள் மிஷினைக் கழற்றிவிட்டு, கழுத்துத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு டாக்டர் எண்ணச் சொன்னார். நான்கு வரை வந்தது. என் குரலை நானே அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

வார்டுக்கு மாற்றியபின் என்னைப் பார்த்துக்கொண்டது முழுக்க அண்ணன்தான். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போட வேண்டும். போட்டான். பெட்பேன் வைத்தான், எடுத்தான், கழுவினான். முகம் மழித்துவிட்டான். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டும்போது தானும் வாயைத் திறப்பான். ஊரில் வெள்ளாமை என்ன ஆனது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். நான் மறுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தது.

தை மாதம் வீட்டுக்கு வந்தோம். நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு பத்து எட்டு நடப்பேன். செவ்வாய்தோறும் அண்ணன் பஸ்ஸில் வந்து, ஆட்டோ வைத்து, ராமநாதபுரத்தில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவான். ஒரு நாள் மத்தியானம் செல்வி என் கை நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ஒங்களுக்குக் காச்சல் ஏறுன அன்னைக்கு, ஒங்க அண்ணன் ஒங்க சட்டை ஒண்ணு கேட்டாக. கருப்பர் காலடில வச்சு நேந்துக்கிட்டு வாரேன்னாக. நீங்க வேணாம்னு சொன்னது தெரிஞ்சும் குடுத்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. உன் ஜெபம்தான் என்னை மீட்டது என்று சபை முழுக்கச் சொல்லியிருக்கிறேனே என்று கேட்டேன். அவள் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஜெபமும் பண்ணினேன், சட்டையும் குடுத்தேன் என்றாள். பதினொரு நாள் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன், இன்னொரு பொணத்தை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்குத் தெம்பில்லை என்றாள். எங்கள் குழந்தையைச் சொல்கிறாள். அன்று நான் மறுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அதன்பிறகு ஒவ்வொரு மணி நேரமும் ஆமாமா இல்லையா என்ற கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

குதிரையைப் பற்றியும், நான் கத்தியதைப் பற்றியும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம ரெண்டு பேருமேதானா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது, பிறகு இருவரும் அழுதோம். அன்று நாங்கள் பண்ணிய ஜெபம் மிகச் சின்னது. மன்னியும் என்றோம். இன்னும் உம்முடையவர்கள்தான் என்றோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு எனக்கு மனசார வந்த முதல் ஜெபம் அது.

அண்ணன் நேர்ந்துகொண்டது என்னவென்றும் அவள் சொன்னாள். தம்பி எழுந்து நடந்தால், மாசியில் கோயில் திருவிழாவான களரிக்கு அவனைக் கூட்டிவந்து மொட்டை போட்டு, கிடா வெட்டுகிறேன் என்று. களரிக்கு மூன்று நாள்தான் இருந்தது. போனில் சொல்லிவிடலாம் என்றாள் செல்வி. என் பெட்பேனைக் கழுவியவனுக்குப் போனில் சொல்ல எனக்கு மனசில்லை. ஆட்டோ பிடித்து ஊருக்குப் போனேன்.

வாசற்படி உயரமாக இருந்ததால் என்னால் ஏற முடியவில்லை. அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முற்றத்தில் கொண்டுவந்து போட்டான். அண்ணி வெளியே வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னேன்.

"அண்ணே, நான் உசுரோட இருக்கிறது ஒன்னாலயுந்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா மொட்டைக்கு வரமாட்டேன்."

அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேந்தது நானு. சாமி கேட்டா என்னத்தலே சொல்ல?"

"தம்பி வரமாட்டேன்னுட்டான்னு சொல்லு. கோவம்னா ஏம்மேல இருக்கட்டும்."

"ஓம்மேல இருக்கக் கூடாதுன்னுதானலே இம்புட்டும்" என்றான்.

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. ராப்பகலாகப் பீ மூத்திரம் அள்ளியதற்கு இதுதான் கூலி என்று சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அண்ணன் என்னைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தான், வழக்கம்போல் இரண்டு கையையும் அக்குளுக்குள் கொடுத்து. ஆட்டோ திரும்பும்போது அவன் வீட்டுக்குள் போய்விட்டிருந்தான்.

களரி முடிந்தது. சபையில் இதைச் சொன்னபோது, ஜெயித்துவிட்டாய் என்று ஒருவர் என் தோளைத் தட்டினார். எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. அண்ணனை இரண்டாம் தடவை இழந்த மாதிரிதான் இருந்தது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவன் வரமாட்டான் என்று செல்வி தெரிந்த ஆட்டோக்காரரை வரச்சொல்லியிருந்தாள். நான் ஊன்றுகோலோடு வாசலில் நின்றேன்.

எட்டேகால் பஸ்ஸில் அண்ணன் இறங்கி வந்தான், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. என் ஊன்றுகோலை வாங்கி ஆட்டோவுக்குள் வைத்தான். குனிந்து என் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி உட்காரவைக்கும்போது துண்டு அவிழ்ந்து என் மடியில் விழுந்தது. மழுமழுவென்று மொட்டை. காதுக்குப் பின்னால் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நேந்தது முடிஞ்சிருச்சு" என்றான். "காலத் தூக்கி உள்ள வையி. நேரமாகுது."